காது மிஷினும் என் தொண்டையும்

ஜூலை 8, செவ்வாய்

தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, என் குரல் நாண்களை எனக்கே திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை மடிப்புகள், ஓரத்தில் நொய் அளவுக்கு ஒரு தடிப்பு.

என்ன வேலை என்று கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்வீஸ் கவுன்டர் என்றேன். அங்கே சத்தமாகப் பேச வேண்டுமா என்றார். அங்கே இல்லை, வீட்டில்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வலிக்கிறது. வீட்டுக்காரருக்குக் காது மந்தம், மிஷின் போட்டிருக்கிறார், மிஷின் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று விளக்கினேன். அதையே மெதுவாகச் சொல்லும்படி கையைத் தாழ்த்திக் காட்டினார்.

ஒரு மாதம் கத்தக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற குரலில் அவசியமானதை மட்டும் பேசலாம்.

பக்கத்தில் இருப்பவருக்குத்தானே கேட்பதில்லை.

பேச முடியாததை இங்கே எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எங்கள் கடையில் முதலாளி போட்ட சட்டம் ஒன்று உண்டு. ரிப்பேருக்கு வரும் எந்தச் சாமானையும் வாங்கி வைப்பதற்கு முன், கொண்டுவந்தவர் கண்ணெதிரே ப்ளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். வருவதில் பாதி இங்கே நன்றாக ஓடும். இன்று ஒருவர் அயர்ன் பாக்ஸ் கொண்டுவந்தார். ஒரு வாரமாகச் சூடே ஆகவில்லையாம். மாட்டியதும் சூடாகிவிட்டது. அவர் அதைப் பார்த்த பார்வை, சொந்தத் தம்பி பொய்ச் சாட்சி சொன்னதுபோல இருந்தது. "என்னை அசிங்கப்படுத்தணும்னே இருக்கு இது" என்றார்.

இப்படி ஆகும்போது சொல்ல ஒரு வாசகம் வைத்திருக்கிறேன். "மிஷின்ல ஒண்ணும் இல்ல. வீட்டுல பாருங்க." ப்ளக் பாயின்ட், ஒயர், வோல்டேஜ், ஏதாவது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி, இப்போது நான் நினைக்காமலே வாய் அதைச் சொல்லிவிடும். இன்று வாய்க்கு லீவு. அட்டையில் எழுதிக் காட்டினேன்.

மாடியில் ரிப்பேர் பார்ப்பவர் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பார். அவருக்குப் பெயரே டெஸ்டர்தான். அட்டையைப் பார்த்துவிட்டு, "இனிமே சண்டைக்கு வர்றவங்க படிச்சு முடிச்சுட்டுத்தான் சண்டை போடணும்க்கா" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

இவருடைய காது மிஷின் வாங்கி நாலு வருடம் இருக்கும். இரண்டு காதுக்கும் ஒவ்வொன்று. சார்ஜ் போட சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி. வாங்கிய புதிதில் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல இருந்தது. நான் அடுப்படியிலிருந்து பேசுவேன், அவர் வாசலிலிருந்து பதில் சொல்வார். இப்போது ஆறேழு மாதமாக அது இல்லை. சாயங்காலம் பள்ளியிலிருந்து வருவார், நான் ஏதாவது சொல்வேன், "என்ன?" என்பார். மறுபடி சொல்வேன். "மிஷின் இழுக்குது" என்று காதைத் தட்டிக்கொண்டே உள்ளே போய், கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். அப்புறம் விடியும்வரை கத்தல்தான். மூன்றாவது தடவையும் கேட்காவிட்டால் ஒரு தலையாட்டல் வரும், கூடவே ஒரு சிரிப்பு. கேட்டுவிட்டதாம்.

கத்திக் கத்தி எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் கீழ் வீட்டு அம்மாவுக்குத் தெரியும். இவரிடம் நான் தண்ணீர் வரவில்லை என்றால், அவர் போய்த் தன் குழாயைத் திறந்து பார்ப்பார்.

நாலு நாளாக அவருக்கும் செய்தி இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மகள் வீடியோவில் வந்தாள். வெளியூரில் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். அவள் அப்பா அதற்கும் தலையாட்டினார்.

பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றாள். போட்டோம். சாப்பாட்டு மேசையில் போனை நடுவில் நிறுத்தி வைத்தோம். என் குரல் அதற்கும் எட்டவில்லை. வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கியதும் உற்சாகமாகி, "வாங்க வாங்க வாங்க வாங்க" என்று எழுதிக்கொண்டே போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஜூலை 16, புதன்

இன்று வீட்டில் நான் பேசியது: சாவி, சாப்பாடு, லைட். அவருக்குக் கேட்டது லைட் மட்டும். அதுவும் நான் சுவிட்சைக் காட்டியதால்.

ஜூலை 18, வெள்ளி

இவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பள்ளி விஷயத்தை வீட்டில் பேசுகிறவர் இல்லை. இன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

பின் பெஞ்சுப் பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஒருவன் எழுந்து நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைப்பான். இவர் மிஷினில் ஒலியைக் கூட்டுவார். உடனே இன்னொருவன் டெஸ்க்கை ஓங்கி அடிப்பான். இதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் காதுக்குப் போனது.

பெற்றோர் சிலர் புகார் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்துக்குச் சார் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்று. ஆகஸ்ட் முதல் வாரம் தலைமை ஆசிரியை இவர் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் வகுப்பு கிடையாது, ஆய்வுக்கூட ஸ்டோர் ரூம்தான். சம்பளம் அதேதானாம்.

"ஸ்டோர் ரூமுக்குப் போனா நான் வாத்தியார் இல்ல. வெறும் பூட்டு சாவி" என்றார்.

நான் ஏதோ சொன்னேன். தலையாட்டினார்.

ஜூலை 19, சனி

பள்ளி விடுமுறை. மிஷினைக் கடைக்கு எடுத்துப்போகிறேன் என்று சைகை காட்டினேன். வேண்டாம், விடு, அது பழசு, அப்படித்தான் இருக்கும் என்றார். கேட்கவில்லை. நானும் ஒரு நாள் கேட்காமல் இருக்கலாம் அல்லவா. பெட்டியோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

காது மிஷின் எங்கள் கடைச் சரக்கு இல்லை. ஆனாலும் டெஸ்டர் துடைத்துத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு, என்னைக் கீழே போய் மாடிப்படி அடியில் நின்று பேசச் சொன்னார். என் இப்போதைய குரலில் ஒன்று, இரண்டு என்றேன். மேலேயிருந்து "மூணு" என்று பதில் வந்தது.

இறங்கி வந்து பெட்டியைக் கையில் கொடுத்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்லக்கா. கடிகாரம் ஓடுறதுகூடக் கேக்குது. வீட்டுல பாருங்க."

என் வாசகம். என்னிடமே.

ஜூலை 22, செவ்வாய்

கடைக்கு வார விடுமுறை. துணி உலர்த்த மாடிக்குப் போனேன். தெருமுனை அங்கிருந்து நன்றாகத் தெரியும். இவர் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். முனையில் தையல் கடை. தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே ஏதோ கேட்க, இவர் நின்று பதில் சொன்னார். தையல்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அதனால் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இவர் நாலு எட்டு தள்ளி வந்து, இடது காதின் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். பிறகு வலது காது. கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி, பழகின கை.

உள்ளே வந்தார். இரண்டடி தூரத்தில் நின்று டீ வேண்டுமா என்று கேட்டேன்.

"என்ன? மிஷின் இழுக்குது" என்றார்.

தையக்காரர் பேசினா கேக்குது. நான் பேசினா கேக்கல. தொண்டை புண்ணாப் போற வரைக்கும் கத்தினேனே, அப்பல்லாம் உள்ள ஆஃப் பண்ணி வச்சுக்கிட்டுத்தான் நின்னாரா? என் முகத்தைப் பாத்துக்கிட்டே? அப்படி என்ன கசந்துபோச்சு என் குரல்? நான் என்ன அவர்கிட்ட பாட்டா கேக்கச் சொன்னேன் — தண்ணி வரல, கேஸ் தீந்துபோச்சு, பொண்ணு போன் பண்ணினா, இதுதானே

டீ போடவில்லை.

ஜூலை 23, புதன்

தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து சீக்கிரம் வந்து மாடியில் நின்றேன். அதே இடம். அதே கை.

ஜூலை 25, வெள்ளி

கேட்டுவிட்டேன். என்னால் கத்த முடியாது, அவர் காதில் மிஷின் இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தபடி போனில் மெசேஜ் அனுப்பினேன். "வீட்டுக்கு வர்றப்ப தெருமுனைல ஏன் ஆஃப் பண்றீங்க?"

அவர் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார். மீதிச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டு, கை கழுவி, உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது உயிர் பெறும்போது வரும் சின்ன இசை எனக்கும் கேட்டது.

பேட்டரி போய்விட்டதாம். ஆறேழு மாதமாகவே. முன்பு இரண்டு மணி நேரத்தில் நிரம்பும். இப்போது பொழுது சாயும்போதே பெட்டியில் வைத்தால்தான் விடியும்போது நிரம்புகிறது. தாமதமாக வைத்தால் கடைசிப் பீரியடுக்கு முன் அணைந்துவிடும். மதியம் சாப்பாட்டு வேளையிலும் கொஞ்சம் சார்ஜ் போடுகிறார். அந்த நேரம் ஆசிரியர் அறையில் யாரும் பேச்சுக் கொடுக்காதபடி முகத்துக்கு நேரே பேப்பரை விரித்து வைத்துக்கொள்வாராம். புதிது வாங்கலாம்தான், ஆனால் மகள் படிப்பு முடியட்டும் என்று இருந்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நாளைக்கே வாங்கு என்பேன் என்று சொல்லவில்லை.

சரி, பெட்டியில் வைக்கட்டும். தெருவிலேயே ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"கேக்குறப்ப உள்ள வந்தா நீ பேசுவ. நீ பேசிக்கிட்டு இருக்கும்போது உன் முன்னாடியே கழட்டி வைக்கணும். அதுக்கு, மிஷின் சரியில்லன்னு சொல்லிடுறது மேல்னு தோணுச்சு."

"ஸ்கூலுக்கு மட்டும் காது வேணும். எனக்குன்னா வேண்டாம்" என்றேன்.

"ஸ்கூல்ல கேக்கலன்னா என்னைத் தூக்கிடுவாங்க. நீ தூக்க மாட்ட இல்ல?" என்றார். கூடவே, "அதுவுமில்லாம, நீ என்ன சொல்லப்போறன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அப்படி இறங்கவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 26, சனி

மிஷின் கம்பெனிக்குப் போன் செய்தேன். பதிவு செய்த குரல் ஒன்று வந்து, உங்கள் பிரச்சனையைச் சொல்லுங்கள் என்றது. பேட்டரி என்றேன். "மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை. சற்று உரக்கச் சொல்லவும்" என்றது. மறுபடி சொன்னேன். மறுபடி மன்னிப்புக் கேட்டது. காது மிஷின் கம்பெனி! கடைசியில் டெஸ்டர் போனை வாங்கிக் கடையே திரும்பிப் பார்க்கும்படி "பேட்டரி" என்று கத்தினார். மனிதர் ஒருவர் வந்தார். அந்த மாடல் நிறுத்திவிட்டார்களாம். பேட்டரி தனியாகக் கிடைக்காது. உள்ளே வைத்து மூடியது மூடியதுதான்.

டெஸ்டர் நான் கொண்டுபோயிருந்த மிஷினைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்துவிடலாம், திரும்ப மூட முடியாது என்றார். "அன்னிக்கு நான் அஞ்சு நிமிஷம்தானேக்கா போட்டுப் பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் மட்டும் எதை அஞ்சு நிமிடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்?

ஜூலை 29, செவ்வாய்

நேற்றும் கடையிலிருந்து சீக்கிரம் வந்து மாடியில் நின்றேன். அவர் தெருமுனையில் காதைத் தொடவில்லை. இன்றும் இல்லை. அப்படியே உள்ளே வந்தார், படுக்கப்போகும்வரை கழற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பேசிக்கொண்டிருந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. அயர்ன் பாக்ஸ்காரர் பார்த்த பார்வையைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். அப்புறம் வாஷிங் மெஷின் சத்தத்தை ஆப் "வாங்க வாங்க" என்று எழுதியதைப் பற்றிச் சிரித்தோம், இரண்டு வாரம் கழித்து. மெல்லப் பேசினாலே போதுமாக இருக்கிறது. தொண்டையும் இன்று தேவலை.

ஜூலை 31, வியாழன்

இன்றும் படுக்கும்வரை காதிலேயே இருந்தது. பொழுது சாய்ந்தது. பெட்டி அலமாரியில் இருப்பது எனக்கும் தெரிந்தது. எடுத்து அவர் முன் வைக்கலாம் என்று ஒரு தடவை எழுந்தேன். அவர் தன் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிப் பீரியடு எப்படிப் போகிறது என்று கேட்டேன். சமாளிக்கிறேன் என்றார். தலைமை ஆசிரியை வருவது செவ்வாய், இரண்டாவது பீரியடு. அது காலைதானே, பயமில்லை என்றார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் கல்வி அலுவலகத்திலிருந்து யாரோ வந்துவிட்டார்களாம். தலைமை ஆசிரியைக்கு இரண்டாவது பீரியடு வர முடியவில்லை. கடைசிப் பீரியடுக்கு வந்தார்.

லென்ஸ் பாடம். பாதியில் வலது காது போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இடது காதும். அணைவதற்கு முன் அது ஒரு தாழ்ந்த இசை போடும், அவருக்கு மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பி வரைந்துகொண்டிருந்திருக்கிறார். திரும்பியபோது முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். நல்ல பிள்ளை, விளையாட்டு இல்லை, உண்மையான சந்தேகம். அவள் வாயையே பார்த்தார். பிடிபடவில்லை. தலையாட்டினார், சிரித்தார், பாடத்தைத் தொடர்ந்தார். அவள் உட்காரவில்லை. அப்படியே நின்றிருக்கிறாள். கடைசியில் தலைமை ஆசிரியையே எழுந்து அவளை உட்காரச் சொன்னாராம்.

இதையெல்லாம் மிஷின் இல்லாமல், தேவைக்கு மேல் உரத்த குரலில் சொன்னார். கீழ் வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நேத்து சாயங்காலம் பெட்டியை எடுத்து வச்சிருக்கலாமே நான். நாளைக்கு முக்கியமான நாள், கழட்டுங்கன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை அவருக்குக் கேட்டும் இருக்குமே.

ஆகஸ்ட் 6, புதன்

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னாலும் தேவலை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திங்கள் முதல் ஸ்டோர் ரூம். வகுப்பை வேறு ஒருவர் எடுத்துக்கொள்கிறார். தலைமை ஆசிரியை அழைத்து உட்காரவைத்து, மரியாதையாகத்தான் சொன்னாராம். உங்கள் உடம்புக்கும் இதுதான் நல்லது சார் என்று. அந்த நேரம் மிஷினில் சார்ஜ் இருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓர் அம்மா சின்ன டேபிள் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்கு மேல் நின்றுவிடுகிறது என்றார். மாட்டினேன், ஓடியது. வழக்கம்போல அந்த அம்மா முகம் சுருங்கியது. என் வாய் தானாகத் திறந்தது.

மூடிக்கொண்டேன். வைத்துவிட்டுப் போங்கள், நாள் முழுக்க ஓடட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "இதுக்கு முன்னாடியும் கொண்டுவந்தேன். நீங்கதான் ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை.

கவுன்டர் ஓரத்தில் ஓடவிட்டேன். கரண்டு பில்லை யார் கட்டுவது என்று முதலாளி முணுமுணுத்தார். மூன்று மணிக்கு மேல் நின்றது. மோட்டார் கொதித்தது. டெஸ்டர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். தடிப்பு அமுங்கியிருக்கிறது. பேசலாம், கத்தினால் திரும்ப வரும் என்றார். கத்த வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகளிடம் சொன்னோம். அப்பா ஸ்டோர் ரூமுக்குப் போனதை அவரே சொன்னார், வேறு யாருக்கோ நடந்ததுபோல. மிஷின் புதிது வாங்கலாமே அப்பா என்றாள். அவசரமில்லை, இப்போது இதுவே போதும் என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஸ்டோர் ரூமில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காலையில் ஒருவர் வந்து தராசு வாங்கிக்கொண்டு போவார், சாயங்காலம் திருப்பித் தருவார். நடுவில் லென்ஸ்களைத் துடைத்து அடுக்குகிறார். பகல் முழுக்க மிஷினை அணைத்தே வைத்திருக்கிறார். வீட்டுக்குக் கிளம்பும்போது போடுகிறார். வரும்போது சார்ஜ் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது.

அதனால் வீட்டில் இப்போது எல்லாம் கேட்கிறது அவருக்கு. மாடித் தொட்டி நிரம்பி வழிவதை என்னைவிட முன்னால் அவர்தான் சொல்கிறார்.

இன்று வேலை முடிந்து தாமதமாக வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எதிரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்தார்.

"உக்காரும்போது ஒரு பெருமூச்சு விடுற. தினமும் விடுற. இது எப்பலேர்ந்து?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்று விடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"தெரியலயே" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன்.

அவருக்குக் கேட்டது.